பனி தங்காத கூரை

டென்மார்க்கின் ஸ்கீவ நகரின் வடக்கு ஓரத்தில் பாலேந்திராவும் மேரிகிறேசும் குடியிருந்த மஞ்சள் செங்கல் வீட்டின் கூரையில் இரண்டு மாரிகாலம் பனி தங்கவில்லை. தெரு முழுக்கக் கொட்டிக் குவிந்து கிடந்த நாட்களிலும் அந்த ஒரு கூரை மட்டும் சிவப்பு ஓடு தெரியக் காய்ந்து கிடந்தது. விழுகிற பனி ஓட்டில் பட்டதும் ஆவியாகிப் போனது. காகங்கள் வந்து வரிசையாக உட்கார்ந்து குளிர்காய்ந்தன. வீட்டுக்குள்ளே ஹீட்டர் எல்லோருடைய வீட்டையும்போலத்தான் எரிந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் குறைவாகவே எரிந்தது. பாலேந்திரா சிக்கனமான மனிதர். ஹீட்டரின் திருகியை மூன்றுக்கு மேலே திருப்ப விருந்தாளியைக்கூட விடமாட்டார்.

சூடு எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிப்பதற்கு எதுவுமில்லை. அது மேரிகிறேசின் உடம்பிலிருந்து வந்தது. முதியோர் இல்லத்தில் வயதானவர்களைத் தூக்கி இருத்தி, குளிப்பாட்டி, சாப்பாடு தீத்திக்கொண்டிருந்த அவருக்குப் புற்றுநோய் வந்தது. வைத்தியர்கள் கட்டியை வெட்டி எடுத்து, மிச்சத்தை ஊசிமருந்தால் கருக்கினார்கள். நோய் போனது. ஆனால் மருந்து போகிற போக்கில் அவருடைய நரம்புகளைப் பொசுக்கிவிட்டுப் போனது. உள்ளங்காலில் தொடங்கிய எரிவு இடுப்புவரை ஏறியது. போர்வை பட்டாலே துடித்தார். கொடுத்த குளிசைகள் அவரைத் தூங்கவைத்தன, எரிவைத் தூங்கவைக்கவில்லை. கல்யாண வீடுகளில் பின்வரிசையிலிருந்து பகிடி விட்டு முன்வரிசையைத் திரும்பிப் பார்க்கவைக்கிற மனுசி, யார் கதைத்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கத் தொடங்கினார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருப்பது லேசான காரியமல்ல.

பக்கத்து வீட்டு அன்னா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் இஞ்சிக் கிழங்குகளாகத் திரண்டிருந்தன. அவர் தன் தோட்டத்துக் கண்ணாடி வீட்டில், தக்காளிகளுக்கு நடுவே, வருடக்கணக்காகச் சில கஞ்சாச் செடிகளையும் வளர்த்துவந்தார். அதைக் காய்ச்சிக் கையில் பூசுவார், தேத்தண்ணியில் போட்டுக் குடிப்பார். டெனிஷ்காரர் வேலிக்கு மேலால் கை நீட்டுவது அபூர்வம். மேரிகிறேசின் முனகல் வேலியைத் தாண்டிக் கேட்ட ஒரு வசந்தகாலத்தில் அன்னா கை நீட்டினார். கையில் தயிர்க் கோப்பை, கோப்பைக்குள் ஒரு கன்று. பாலேந்திரா இலையைப் பார்த்ததுமே கண்டுகொண்டார்.

“கஞ்சாவோ? எங்கடை வீட்டிலையோ?” என்றார் மேரிகிறேஸ். “கஞ்சா அடிக்கிற குடும்பத்திலை ஆர் வந்து பொம்பிளை எடுப்பினம்? நாங்கள் ஒரு குமரை வைச்சிருக்கிறம், ஞாபகம் இருக்கே?”

அந்தக் குமர், அவர்களுடைய ஒரே மகள் சாரங்கி, அப்போது கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் தாதியாக வேலைசெய்துகொண்டிருந்தாள். முப்பது தாண்டியவள். தனக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்று டெனிஷில் பல தடவை, மரியாதையாகவே, சொல்லிவிட்டவள். ஆகவே அந்தப் பக்கத்தால் பயப்பட ஒன்றுமிருக்கவில்லை. பாலேந்திரா கன்றைக் கொண்டுபோய்க் குசினி யன்னலில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் வைத்தார். மாரிகாலத்தில் கறிவேப்பிலைக்கென்று தனி விளக்குப் பூட்டாத தமிழ் வீடு இந்த நாட்டில் இல்லை. ஒரு விளக்கு இரண்டுக்கும் போதுமாக இருந்தது. வருகிறவர்கள் கேட்டால் மருந்துச் செடி என்று சொன்னார். அது பொய்யுமில்லை.

செடி பூத்ததும் பாலேந்திரா பூவை நெய்யில் வாட்டி, வடித்து, அரைக் கரண்டியைச் சூடான பாலில் கலந்து கொடுத்தார். மேரிகிறேஸ் சிலுவை போட்டுக்கொண்டு குடித்தார். சிறிது நேரத்தில் எரிவு அவருடைய உள்ளங்காலை விட்டு எழும்பியது. இடுப்பையும் நெஞ்சையும் தாண்டி, உச்சந்தலையால் வெளியே வந்து, முகட்டு ஓடுகளுக்குள் புகுந்தது. அவர் அதைத் தெளிவாக உணர்ந்தார். பாலேந்திரா வெளியே போய் ஏணி வைத்து ஏறி ஓட்டைத் தொட்டுப் பார்த்தார், கை சுட்டது. திரும்பி வந்தபோது மனைவி எழும்பி இருந்துகொண்டு புட்டும் சம்பலும் கேட்டார். பாலேந்திரா குசினிக்குள் போய்த் தேங்காய் துருவினார். அழுதுகொண்டுதான் துருவினார், அதை அவரே பிறகு எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார்.

அதிலிருந்து கணக்கு எளிமையானது. மேரிகிறேஸ் பால் குடித்தால் சூடு கூரைக்குப் போகும், பனி உருகும். குடிக்காவிட்டால் சூடு அவருக்குள்ளேயே நிற்கும், பனி கூரையில் ஏறி உட்காரும். முதல் மாரிகாலத்தில் இதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கடிதம் கொண்டுவருபவர் மட்டும் அந்த வாசலில் நின்று கையைச் சூடாக்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது மாரிகாலத்தில் அன்னா வந்து கதவைத் தட்டினார். பனி தங்காத கூரையைத்தான் பொலிஸ் தேடுகிறது என்றார். வீட்டுக்குள்ளே நூற்றுக்கணக்கில் செடி வைத்து, பெரிய விளக்குகளை எரித்து வியாபாரம் செய்கிறவர்களைக் கூரையின் சூடுதான் காட்டிக்கொடுக்கும், அதற்காக ஹெலிகொப்டரில் மேலேயிருந்துகூடப் பார்ப்பார்கள் என்றார். பாலேந்திரா, அன்னாவிடமிருந்து பிறகும் வந்த ஒன்றிரண்டு கன்றுகளோடு நின்ற தன் வீட்டுச் செடிகளைத் திரும்பிப் பார்த்தார். கறிவேப்பிலையையும் சேர்த்தால்கூட ஒரு யன்னல் நிரம்பாது. ஆனால் கூரை, வீடு முழுக்கத் தோட்டம் என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தது. மனைவிக்குச் சுகம் என்பதற்கு இருந்த ஒரே அடையாளம், அவர் குற்றவாளி என்பதற்கும் அடையாளமாகிவிட்டது.

அந்தக் காலத்தில் நாடு முழுவதும் இதே கதைதான். தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் மேசையைச் சுற்றி இருந்துகொண்டு, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா கூடாதா என்று வாதாடினார்கள். பாலேந்திரா ஒன்றையும் தவறவிடாமல் பார்த்தார். யாராவது ஒருவர் ஆம் என்று சொன்னால் தலையாட்டினார். சட்டம் வருகிறவரை சமாளித்தால் போதும் என்று நினைத்தார். மட்டி அவிக்கிற தொழிற்சாலையில் காலம் முழுக்க ஈரத்தில் நின்ற மனிதர், வாளியில் பனியை அள்ளி ஏணியில் ஏறிக் கூரையில் கொட்டத் தொடங்கினார். கொட்டிவிட்டு இறங்குவதற்குள் அது உருகி, கூரைப் பீலியால் வழிந்து, அவருடைய சப்பாத்துக்குள்ளேயே இறங்கியது.

மேரிகிறேஸ் யன்னலால் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, பனி கொட்டுகிற நாட்களில் அவர் பாலைத் தொடவில்லை.

“இண்டைக்கு எனக்குப் பால் வேண்டாம், இஞ்சாருங்கோ. எரிவு பெரிசா இல்லை” என்பார். சொல்லும்போதே தலையணையின் ஓரம் வாய்க்குள் இருக்கும்.

அந்த நாட்களில் கூரை அழகாக, எல்லோருடைய கூரையையும்போல, வெள்ளையாகக் கிடந்தது. பாலேந்திரா அந்த வெள்ளையை வெறுத்தார். அந்த வெறுப்பில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. வீட்டிலிருந்த வெள்ளைக் கட்டில் விரிப்புகள், கல்யாண வீடுகளுக்குக் கட்டிய வேட்டிகள், மேரிகிறேசின் முதல்நன்மைச் சடங்குக்குக் கட்டிய வெள்ளைத் துணி, எல்லாவற்றையும் எடுத்தார். மேரிகிறேஸ் பால் குடித்துவிட்டு, நோவில்லாத காலால் தையல் மெசினை மிதித்து அவற்றை ஒன்றாகப் பொருத்தினார். தைக்கும்போது பாட்டுக்கூடப் பாடினார். பாலேந்திரா துணியைக் கூரைக்கு மேலே விரித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினார். மேலேயிருந்து பார்த்தால் பனி மாதிரியே இருக்கும். தெருவில் நின்று பார்க்கிற டெனிஷ்காரருக்கும் பனி மாதிரியே இருக்கும்.

தமிழருக்கு அப்படி இருக்காது என்பதை அவர் யோசிக்கவில்லை. மறுநாள் யேசுரட்ணம் வேலைக்குப் போகிற வழியில் காரை நிறுத்தினார். யேசுரட்ணம் எங்கள் பகுதியில் எந்தச் செத்தவீட்டுக்கும் முதலில் போய்க் கடைசியில் திரும்புகிற மனிதர். செத்தவீட்டுக்குக் கட்டுவதுபோல வீட்டுக்கு வெள்ளை கட்டியிருந்தது. வீட்டுக்குள்ளே நெடுநாள் நோயாளி ஒருவர் இருந்தார். ஒன்றையும் ஒன்றையும் கூட்டத் தெரியாதவர் யார்? அவர் காருக்குள் இருந்தபடியே கொஞ்சநேரம் அழுதுவிட்டு, பிறகு தொலைபேசியை எடுத்தார். மத்தியானத்துக்குள் ஹேர்னிங், ஹொல்ஸ்டப்ரோ, விபோர் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் வந்துவிட்டார்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் சோறும் மரக்கறியும் இடியப்பமும் சட்டி சட்டியாக வந்தன. மேரிகிறேஸ் வேதக்காரி என்பதால் ஒரு பகுதியார் முற்றத்துப் பனியில் முழங்காலில் நின்று செபமாலை தொடங்கினார்கள். பாலேந்திரா சைவக்காரர் என்பதால் இன்னொரு பகுதியார் அதற்குப் பக்கத்திலேயே தேவாரம் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தது மேரிகிறேஸ்தான். கையில் பாதி கடித்த ரோல்ஸ்.

“ஆர் செத்தது?” என்று கேட்டார்.

முன்னுக்கு நின்ற ஒரு பெண் குழறிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். யேசுரட்ணம்தான் ஒருவாறு வாய் திறந்தார். “நீங்கள்தான் அக்கா.”

மேரிகிறேஸ் எல்லோரையும் பார்த்தார், சட்டிகளைப் பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. “சரி, வந்தனீங்கள் உள்ளுக்கு வாங்கோ. என்ன சொல்ல வந்தனீங்களோ அதைச் சொல்லிப்போட்டுத்தான் போகவேணும். பிறகு சொன்னால் எனக்குக் கேக்காது.”

அப்படியே நடந்தது. அவர் நடுவில் கதிரை போட்டு இருக்க, வந்தவர்கள் ஒவ்வொருவராக அவருடைய மரண வீட்டில் சொல்ல நினைத்ததை அவருக்கே சொன்னார்கள். அகதி முகாமில் முதல் குளிரில் மேரிகிறேஸ் தன் மேலங்கியைக் கழற்றித் தனக்குப் போர்த்திவிட்டதை ஒருத்தி சொன்னாள். கோபித்துக்கொண்டு பிரிந்த தன் தம்பியையும் தன்னையும் ஒரே மேசையில் இருத்திச் சோறு போட்டதை ஒருவர் சொன்னார். யேசுரட்ணம் தன் வாழ்க்கையில் தான் செய்ததிலேயே பெரிய பேச்சைச் செய்தார். மேரிகிறேஸ் ஒன்றையும் மறுக்கவில்லை. நல்லதைக் கேட்டால் தலையாட்டினார், ஒருவர் மிகைப்படுத்தியபோது “அது நான் இல்லை, என்ரை தங்கச்சி” என்று திருத்தினார். இந்த ஊரில் தமிழர் கண்ட மிகச் சந்தோசமான நாள் அது. இத்தனை காலம் இங்கே இருக்கிற எங்களில் பலர் இதை ஒத்துக்கொள்வோம்.

வெளியே அவர்களுடைய கார்கள் நடைபாதையிலும் சைக்கிள் பாதையிலும் ஏறி நின்றன. எதிர்வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொன்னார். கார்களைப் பற்றித்தான் சொன்னார், வேறொன்றையும் பற்றியல்ல. அந்த மனிதரைக் குறை சொல்ல ஏதுமில்லை. வந்த இளம் பொலிஸ்காரி வாகனங்களை எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் காற்று எழும்பியது. கூரைத் துணியின் ஒரு பக்கக் கயிறு அறுந்து, வேட்டிகளும் விரிப்புகளும் மேலே கிளம்பின. கீழே சிவப்பு ஓடுகள் ஆவி பறந்துகொண்டு கிடந்தன. அன்றைக்குக் காலையில் மேரிகிறேஸ் இரட்டைப் பங்கு பால் குடித்திருந்தார்.

பொலிஸ்காரி சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். மரியாதையானவள். பெரிய விளக்குகளையும் தோட்டத்தையும் தேடி அறையறையாகப் போனாள், முகட்டுக்குள்ளும் ஏறிப் பார்த்தாள். கிடைத்தவை யன்னலோரத்துச் செடிகள் மட்டும். விதை எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். பறவைத் தீனியில் கிடந்தது என்றார் பாலேந்திரா. அப்போது அன்னா, யாரும் கூப்பிடாமலே, சமையல் ஏப்ரனோடு உள்ளே வந்து, “என்னிடமிருந்துதான்” என்றார். அன்றைக்கே இரண்டு வீட்டுச் செடிகளும் போயின. பதற்றத்தில் கறிவேப்பிலையையும் சேர்த்து எடுத்துப் போனார்கள். அது மட்டும் பிறகு மன்னிப்போடு திரும்பி வந்தது. பாலேந்திராவுக்கும் அன்னாவுக்கும் தண்டம் விழுந்தது. இன்னொரு தடவை வளர்த்தால் தண்டத்தோடு முடியாது என்று சொன்னார்கள்.

அடுத்த பனி விழுந்தபோது கூரை அதை ஏற்றுக்கொண்டது.

சாரங்கி லீவு போட்டுவிட்டு வந்தாள். சட்டத்துக்குள் ஒரு வழி இருக்கிறது, அதைச் செய்வோம் என்று டெனிஷில் தகப்பனுக்கு விளங்கப்படுத்தினாள். அவள் சொன்னது சரி. வழி இருந்தது. அதற்கு இசைகிற ஒரு வைத்தியரைத் தேடிப்பிடித்து, மருந்தகத்திலிருந்து சின்னப் போத்தலில் கஞ்சா எண்ணெய் வாங்கி வந்தாள். எண்ணெய் கேடில்லை. அதைக் குடித்த அன்று புகைபோக்கியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குப் பனி உருகியது. அதற்கு மேலே உருகவில்லை. அளவைக் கூட்ட விதிமுறையில் இடமில்லை என்றார் வைத்தியர். சிவப்பு விளக்கில் தெருவைக் கடந்தே அறியாத சாரங்கி, ஒருநாள் கொப்பன்ஹேகனில் யாரோ ஒருவனிடம் கறுப்பாக ஒரு கஞ்சாப் பிசின் கட்டி வாங்கி, வேலைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு ரயிலில் வந்தாள். அது தாயைச் சத்தியெடுக்க வைத்தது. அன்னாவின் கண்ணாடி வீட்டுச் செடி செய்ததை வேறெதுவும் செய்யவில்லை. ஏன் என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது.

தை மாதத்தில் நகர நூலகத்தில் பொதுக்கூட்டம் ஒன்று நடந்தது. தலைப்பு அதேதான், சட்டபூர்வமாக்கலாமா கூடாதா. பாலேந்திரா கோட்டுப் போட்டுக்கொண்டு அன்னாவோடு போய் முன்வரிசையில் இருந்தார். ஆதரிக்கிறவர் பேசினார்: உரிமம் பெற்ற கடைகள் வரவேண்டும், தரம் பார்த்து விற்கவேண்டும், வரி வரும், ஆகவே வீட்டில் வளர்க்கிறவர்களை அனுமதிக்க முடியாது. எதிர்க்கிறவர் பேசினார்: இளைஞர்கள் கெடுவார்கள், குற்றம் பெருகும், ஆகவே வீட்டில் வளர்க்கிறவர்களை அனுமதிக்க முடியாது. மற்ற எல்லாவற்றிலும் அடிபட்ட இருவரும் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் தனக்கு ஒன்றுதான் என்பது பாலேந்திராவுக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை மாதம் தொலைக்காட்சிக்கு முன்னால் தலையாட்டியதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

கேள்வி நேரத்தில் எழும்பினார். அவருடைய டெனிஷ் மட்டித் தொழிற்சாலையின் இரைச்சலுக்குள் படித்தது. “ஒரு செடி,” என்றார். “கடை வேண்டாம். வியாபாரம் வேண்டாம். என்ரை மனுசிக்கு ஒரு செடி. நீங்கள் வந்து பாருங்கோ. கூரையிலை ஏறித் தொட்டுப் பாருங்கோ.” மண்டபம் கைதட்டியது. இரண்டு பேச்சாளர்களும் தங்களுக்கு மனம் வருந்துகிறது என்றார்கள், உண்மையாகவே வருந்தினார்கள் என்றுதான் தோன்றியது. பிறகு கோப்பி கொடுத்தார்கள்.

மாசியில் நோய் திரும்பி வந்தது. பங்குனியில் ஊர் முழுக்கப் பனி கரைந்தது, பாலேந்திராவின் கூரையில் மட்டும் கரையவில்லை. சித்திரையில் தெருவோரம் மஞ்சள் பூக்கள் எழும்பின, கூரையில் பனி இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. வானத்திலிருந்து விழாமலே உயர்ந்தது. உள்ளே மேரிகிறேஸ் வெந்துகொண்டிருந்தார். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கே வந்து ஊசி போட்டார்கள். அது அவருடைய பேச்சையும் முகத்தையும் எடுத்துக்கொண்டது, எரிவை விட்டுவைத்தது. அன்னா யாருக்கும் சொல்லாமல் தன் கண்ணாடி வீட்டில் ஒரு விதையை ஊன்றினார். சாரங்கி அதைக் கண்டாள். வாளி எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொரு நாளும் ஊற்றினாள். அன்றைக்கு அவளை யாராவது பிடித்துக் கொடுத்திருந்தால் தாதி வேலையே போயிருக்கும். செடி நன்றாக வளர்ந்தது. ஆனால் பூக்க ஆவணியாகும். மேரிகிறேஸ் ஆனியில் செத்துப்போனார், நீண்ட பகலின் வெளிச்சத்தில், கூரையில் ஆளுயரப் பனியோடு.

செத்தவீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். வெள்ளை கட்ட வேண்டியிருக்கவில்லை. குருவானவர் செபம் முடித்துவிட்டு, யாராவது இரண்டு வார்த்தை சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். யேசுரட்ணம் எழும்பினார், நின்றார், திரும்ப இருந்தார். எல்லாவற்றையும் அவரிடமே சொல்லி முடித்தாயிற்று. ஒருவருக்கும் சொல்ல மிச்சம் இருக்கவில்லை. அவர் கேட்டுவிட்டுப் போய்விட்டார் என்பதில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதற்காக அழாமல் இருந்தோம் என்றில்லை.

பனி போகவில்லை. வெளியே வரவேண்டிய சூடு வராமலே அடங்கிவிட்டதால் அது உருக வழியில்லை என்று அன்னா சொல்கிறார். நகரசபையான கொமுனிலிருந்து வந்து ஓடுகள் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்தார்கள், தாங்கும் என்றார்கள். பனி கிடப்பதற்கு எதிராகச் சட்டம் ஏதுமில்லை. இப்போது ஹெலிகொப்டர் மேலால் போனாலும் அந்தக் கூரையை இரண்டாம் தடவை பார்ப்பதில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது. ஆடி மாத வெயிலில் தெருப் பிள்ளைகள் வந்து பனி கேட்பார்கள், பாலேந்திரா ஏணியில் ஏறி ஓரத்திலிருந்து கொஞ்சம் அள்ளிக் கொடுப்பார். அள்ளிய இடம் அடுத்த நாளே நிரம்பிவிடும்.

வீட்டை விற்றுவிட்டு அல்பர்ட்ஸ்லுண்டுக்குத் தன்னோடு வந்து இருக்கும்படி சாரங்கி போனவருடமும் கேட்டாள். டெனிஷில் கேட்டாள். தகப்பன் கூரையைக் காட்டினார்.

“அம்மா பட்ட நோ முழுக்க உதிலை கிடக்கு, பிள்ளை. அதைத் தனிய விட்டிட்டு நான் எப்பிடி வாறது?”

சாரங்கி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். “ஓம் அப்பா” என்றாள். பிறகு காரிலிருந்து தன் பெட்டியை இறக்கி உள்ளே கொண்டுபோனாள். இப்போது அவள் ஸ்கீவவில்தான் வேலை செய்கிறாள்.